கியூபெக் மூதாதையரைத் தேடும் வழி: பங்குப் பதிவேடுகளும் ‘என்கிற’ பெயர்களும்

மொன்றியலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்று கியூபெக் மண்ணைச் சேர்ந்த மருமகளோ மருமகனோ இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக வம்ச மரம் வரையும்போது, தமிழ்க் கிளை பெரும்பாலும் பூட்டனோடு நின்றுவிடுகிறது. பிரெஞ்சுக் கிளையோ 1660களில் கப்பலேறி வந்த ஒரு படைவீரன் வரைக்கும் ஒரு தலைமுறையும் விடுபடாமல் போகக்கூடியது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இந்தத் தேடல் தொடங்கியது. பிரெஞ்சு மொழியில் தேர்ச்சி இல்லாதவரும் இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் தொடங்கும்போதே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகக் கூடாது. கணவன், மனைவி என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்தே தேட வேண்டும். ஏன் அப்படி என்பது போகப் போகத் தெரியும்.

பதிவேடுகள் எப்படித் தப்பின

கியூபெக் நகரம் 1608இலும், த்ருவா-ரிவியேர் 1634இலும், மொன்றியல் 1642இலும் நிறுவப்பட்டன. கியூபெக் நகரத்துப் பங்கின், அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்கள் பிரிவின், பதிவுகள் 1621இலிருந்து தொடங்குகின்றன. 1640இல் கோயில் எரிந்து ஏடுகள் சாம்பலானபோது, மக்களின் நினைவிலிருந்து கேட்டறிந்து அவற்றைத் திரும்ப எழுதினார்கள். 1667இல் பிரெஞ்சு அரசு பிறப்பித்த சட்டம் ஒவ்வொரு பங்கிலும் பதிவேட்டை இரண்டு பிரதிகளாக வைக்கும்படி கட்டளையிட்டது. அதன்படி ஒரு பிரதி கோயிலில் தங்கியது, மற்றது ஆண்டுதோறும் நீதிமன்றத்துக்குப் போனது. கோயில் எரிந்தாலும் மற்றப் பிரதி பிழைத்திருக்கும் என்பதால், இந்த மக்களின் வரலாறு இவ்வளவு முழுமையாக நமக்குக் கிடைக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகும் இந்த முறை தொடர்ந்தது. 1994ஆம் ஆண்டு தொடக்கம்வரை கியூபெக்கில் கோயில் பதிவேடே அரசுப் பதிவேடாகவும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

முதலில் வீட்டில் தேடுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுவது நல்லது. கேட்க வேண்டிய கேள்வி ‘தாத்தா எப்போது பிறந்தார்’ என்பதன்று. ‘தாத்தாவும் பாட்டியும் எந்த ஊர்க் கோயிலில் திருமணம் செய்தார்கள், பாட்டி பிறந்த வீட்டுப் பெயர் என்ன’ என்பதே. கியூபெக் வீடுகளில் இறப்பை நினைவுகூரும் சிறு அட்டைகளைப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்திருப்பது வழக்கம். புகைப்படமும், பிறந்த இறந்த நாள்களும், மணத்துணையின் பெயரும் அவற்றில் இருக்கும். எங்கள் சம்பந்தி வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட அட்டைகள் கிடந்தன. நாங்கள் சேகரித்த முதல் மூன்று தலைமுறைகளும் அந்தத் தகரத்திலிருந்து வந்தவைதான்.

அண்மைக் காலச் சான்றிதழ்களை அரசின் குடிசார் பதிவு அலுவலகம் உரிமையுள்ளவர்களுக்கு மட்டுமே கொடுக்கும். அந்த இடைவெளியை நிரப்பக் கனடாக் குடிசனக் கணக்கெடுப்பு உதவும். 92 ஆண்டுகள் கழிந்த பிறகே அதன் தாள்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2023 ஜூன் மாதம் வெளிவந்தது. இந்தத் தாள்களில் வயதை நம்பாதீர்கள். யாருடன் யார் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதை நம்புங்கள்.

தத்தெடுக்கப்பட்டவரிடமோ, பதிவேட்டில் ‘பெற்றோர் அறியப்படாதவர்’ என்று எழுதப்பட்டவரிடமோ தேடல் முட்டி நின்றால், 2018 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த கியூபெக் சட்டம் பெற்ற தாயின் அடையாளத்தை அறிய வழியைக் கணிசமாகத் திறந்திருக்கிறது. அது தனிப் பாதை. இங்கே அதற்குள் போகவில்லை.

எல்லை தாண்டியவுடன் மாறிய பெயர்

1840க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் லோவெல், மான்செஸ்டர், வூன்சாக்கெட் போன்ற நியூ இங்கிலாந்து நகரங்களின் நூல் ஆலைகளில் வேலை செய்தனர். அங்கே பெயர்கள் இரண்டு வழிகளில் மாறின. ஒன்று பொருளை மொழிபெயர்ப்பது: ‘பச்சை மரம்’ என்ற பொருளுள்ள புவாவேர் கிரீன்வுட் ஆனார், ஆயரைக் குறிக்கும் லெவெக் பிஷப் ஆனார், அரசனைக் குறிக்கும் ருவா கிங் ஆனார். கூர்த்மான்ஷ் என்பவர் ‘குட்டைச் சட்டைக் கை’ என்ற நேர்ப்பொருளில் ஷார்ட்ஸ்லீவ் ஆன கதை இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. மற்றது காதில் விழுந்தபடி எழுதுவது: பெனுவா பென்வே ஆனார், ஆர்ஷாம்போ ஷாம்போ ஆனார்.

எனவே அமெரிக்கக் கிளையைச் சேர்ந்த ஒரு கிங்கைத் தேடுபவர், அவர் ஆங்கிலேயராக இருக்கலாம் என்று எண்ணி விட்டுவிடாமல், அவர் மணம் செய்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கோயிலின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஆலை முதலாளியின் சம்பள ஏட்டில் கிங் என்று இருந்தவர், அதே ஊர்ப் பிரெஞ்சுப் பங்குத்தந்தையின் ஏட்டில் ருவாவாகவே இருப்பார்.

திருமணத்திலிருந்து திருமணத்துக்கு

இதுதான் முறையின் முதுகெலும்பு. கியூபெக் கத்தோலிக்கத் திருமணப் பதிவு, அது முதல் திருமணமாக இருந்தால், மணமகனின் தாய் தந்தையரையும் மணமகளின் தாய் தந்தையரையும் பெயர் சொல்லிக் குறிக்கும். தாய்மாரைப் பிறந்த வீட்டுப் பெயரோடு குறிக்கும். ஆகவே ஒரு திருமணப் பதிவு கிடைத்தால் மேலும் இரண்டு தம்பதிகள் கிடைக்கிறார்கள். அவர்களின் திருமணங்களைத் தேடினால் நான்கு தம்பதிகள். இப்படியே ஏறிப் போகலாம். ஞானஸ்நானப் பதிவு பின்னர் சரிபார்ப்பதற்கு உதவும். அதை முதல் ஏணியாகக் கொள்பவர்கள், ஒரே பங்கில் ஒரே பத்தாண்டில் பிறந்த நான்கு ஜோசப்புகளுக்கு இடையில் சிக்கிக்கொள்வார்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பதும் வழக்கமாக இருந்தது.

பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாப் பதிவுகளிலும் நிலைத்திருப்பது இங்கே பெரும் வரம். ஊரார் வாயில் அவள் கணவன் பெயரால் அழைக்கப்பட்டிருந்தாலும், நல்லடக்கப் பதிவில்கூட அவள் தந்தையின் பெயரோடுதான் கிடக்கிறாள். 1981 ஏப்ரல் 2 முதல் கியூபெக் சட்டமும், திருமணத்துக்குப் பிறகு பெண் தன் பிறப்புப் பெயரிலேயே தன் சட்ட உரிமைகளைப் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. மொன்றியலில் மணம் செய்த தமிழ்ப் பெண்கள் கணவன் பெயரைக் கடவுச்சீட்டில் சேர்க்க முயன்று கண்ட தடை இதுதான்.

திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்திலும் கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் மணம் முடிப்பதில்லை. ஆதலால் நவம்பர், ஜனவரி, பெப்ரவரி மாதப் பக்கங்களில் திருமணங்கள் குவிந்து கிடக்கும். ஊர்ப் பெயர் தெரிந்தும் பதிவு கிடைக்காவிட்டால், அந்தப் பங்கு எப்போது தொடங்கியது என்று பாருங்கள். அது 1850இல் பிரிந்த பங்கானால், 1840இல் நடந்த திருமணம் தாய்ப் பங்கின் ஏட்டில்தான் இருக்கும்.

எங்கே தேடுவது? கியூபெக் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் பழைய பதிவேடுகளின் படங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஃபேமிலிசேர்ச் தளமும் அவ்வாறே. 1899இல் தொடங்கிய ட்ருவான் நிறுவனம் 1940களில் இந்தப் பதிவேடுகளைப் படச்சுருளில் எடுத்தது. 1760 முதல் 1935 வரையிலான திருமணங்களுக்கு அது தொகுத்த அகரவரிசையில் மணமகன் பெயரால் ஒரு வரிசையும் மணமகள் பெயரால் ஒரு வரிசையும் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளுக்கு, மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டத்தின் தரவுத்தளத்தைவிட நம்பகமானது வேறில்லை. அது தனித்தனிப் பதிவுகளைக் குடும்பங்களாகவே பொருத்தி வைத்திருக்கிறது. முழுமையாகப் பார்க்கக் கட்டணம் உண்டு, கொடுக்கத் தகும். இணையத்தில் பிறர் ஏற்றிவைத்த மரங்களைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். மூலப் பதிவின் படத்தைக் கண்ணால் பார்க்காத வரையில் ஒரு தலைமுறையையும் உறுதியென்று எழுதாதீர்கள்.

பதிவை வாசிக்கும் கலை

பழைய கையெழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். வாசகம் மந்திரம் போல ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருவது. பத்துப் பதிவுகளை எழுத்துக்கூட்டி வாசித்தால் பதினோராவது தானே புரியும். பக்க ஓரத்தில் பி, எம், எஸ் என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். அவை முறையே ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம் என்பவற்றின் பிரெஞ்சு முதலெழுத்துகள். அதன் அருகிலேயே ஆளின் பெயர் இருக்கும். திருமணப் பதிவு மூன்று ஞாயிறுகள் ஓலை வாசித்ததை, அதாவது நடக்கவிருக்கும் திருமணத்தைக் கோயிலில் அறிவித்ததை, சொல்லித் தொடங்கும். ஓலையில் ஒன்றோ இரண்டோ தளர்த்தப்பட்டிருந்தால் அதையும் சொல்லும். பிறகு மணமகன் இன்னாருடைய மகன், இன்ன பங்கினர் என்று வரும்.

பெற்றோர் பெயருக்கு முன்னால் ‘ஃப’ என்ற ஓசையுடைய சிறு சொல் நின்றால் அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். இச்சிறு சொல்லைக் கவனிப்பவர்கள் இறப்புத் தேதியைத் தேட வேண்டிய ஆண்டுகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள். மணமக்கள் ‘வயது வந்தவர்’ என்றோ ‘வயது வராதவர்’ என்றோ குறிக்கப்படுவர். பிரெஞ்சு ஆட்சியில் அந்த எல்லை 25; பின்னர் 21 ஆனது. பழைய பதிவில் ‘வயது வராதவர்’ என்று படித்துப் பதினாறு வயதுப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அவளுக்கு 24ஆகவும் இருக்கலாம்.

தேதியில் ஒரு பொறி உண்டு. 7 என்ற எண்ணைப் போட்டு அதன்மேல் ‘ப்ர’ என்று சுருக்கி எழுதியிருந்தால் அது ஏழாம் மாதமான ஜூலை அன்று. ஏழு என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த செப்டம்பர். அவ்வாறே 8 ஒக்டோபர், 9 நவம்பர், ரோம எண் பத்து டிசம்பர். இது தெரியாமல் நான் ஒரு குழந்தையை அதன் பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறக்கவைத்து, அந்தக் குடும்பத்தின் மானத்தைச் சில வாரங்கள் கப்பலேற்றி வைத்திருந்தேன்.

ஞானஸ்நானப் பதிவில் ஆண் குழந்தைகள் பெரும்பாலும் ஜோசப் என்றும் பெண் குழந்தைகள் மரி என்றும் தொடங்குவார்கள். அடுத்து ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாயின் பெயர் வரக்கூடும். வீட்டில் அழைக்கும் பெயர் பொதுவாகக் கடைசியில் நிற்கும். ஜோசப் அல்போன்ஸ் நெப்போலியன் என்று ஞானஸ்நானம் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் நெப்போலியனாகவே வாழ்ந்து, அந்தப் பெயரிலேயே மணம் முடித்து, அந்தப் பெயரிலேயே அடக்கம் செய்யப்பட்டிருப்பார். ஞானப்பெற்றோர் யார் என்பதைத் தவறாமல் குறித்து வையுங்கள். மாமன், அத்தை, பாட்டன் என்று நெருங்கிய உறவினர்களே அந்த இடத்தில் நிற்பார்கள்.

‘என்கிற’ பெயர்கள்

இனி இந்தத் தேடலின் மிகச் சிக்கலான, மிகச் சுவையான பகுதி. பழைய பதிவுகளில் இரண்டு குடும்பப் பெயர்களுக்கு நடுவே ‘தி’ என்று ஒலிக்கும் சொல் வரும். நம் உறுதிப் பத்திரங்களில் ‘முருகேசு என்கிற சின்னத்தம்பி’ என்று எழுதுகிறோமே, அந்த ‘என்கிற’ என்பதற்கு நேரான சொல் அது.

பல இரட்டைப் பெயர்கள் படைமுகாமிலிருந்து வந்தவை. 1665இல் இரோக்குவா என்ற பூர்வகுடி மக்களோடு போரிடக் கரிஞான்-சலியேர் படைப்பிரிவின் வீரர்கள் ஏறக்குறைய 1200 பேர் வந்தார்கள். போர் முடிந்தபின் சுமார் 400 பேர் இங்கேயே நிலம் பெற்றுத் தங்கினார்கள். பிரெஞ்சுப் படைவீரனுக்குப் பட்டப்பெயர் ஒன்று ஒட்டிக்கொள்ளும்: லாஃப்ளர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலையற்றவன், ட்ரான்ஷ்மோன்தாஞ் என்றால் மலையைப் பிளப்பவன். வேறு சில பெயர்கள் சொந்த ஊரைக் காட்டும். லான்ஜவான் என்பவர் பிரான்சின் ஆன்ஜூ பகுதிக்காரர். கியூபெக்கின் புகழ்பெற்ற ஆபிரகாம் சமவெளிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஆபிரகாம் மார்த்தான் ‘ஸ்கொட்லாந்துக்காரர் என்கிற’ மார்த்தானாகப் பதிவாகியிருக்கிறார். இன்னும் சில நிலத்தைக் காட்டும்: டெஷேன் என்பது ஓக் மரங்களையும் டெஜார்டான் என்பது தோட்டங்களையும் குறிக்கும்.

டெஜார்டான் என்றவுடன் மொன்றியல் தமிழர்களுக்குப் பச்சை நிறச் சின்னமுள்ள வங்கிதான் நினைவுக்கு வரும். அந்த வங்கியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1900 டிசம்பரில் லெவி நகரில் முதல் மக்கள் சேமிப்பகத்தைத் தொடங்கிய அல்போன்ஸ் டெஜார்டான் 1854இல் பிறந்தார். அவருடைய தந்தை பிரான்சுவா ருவா என்கிற டெஜார்டான். தாய் கிளாரிஸ் மிவில் என்கிற டெஷேன். அல்போன்ஸ் 1879இல் மணந்த டோரிமேனும் ருவா என்கிற டெஜார்டான் குடும்பத்தவரே. மூன்று பேரின் பெயர்களில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணிப் பாருங்கள். டெஜார்டான் என்று மட்டும் தேடுபவர் ருவா என்று பதிவான பாட்டனை ஒருநாளும் காணமாட்டார். டெஷேன் என்று தேடுபவர் மிவில் குடும்பத்தின் மூலவரான பியேர் மிவிலைத் தவறவிடுவார். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த அந்த மனிதர் ‘சுவிஸ்காரர்’ என்றே அழைக்கப்பட்டார்.

ருவா என்கிற டெஜார்டான் பெயரின் மூலவர் அந்துவான் ருவா, பிரான்சின் ஜுவான்யி ஊரில் பிறந்து பீப்பாய் செய்யும் தொழில் கற்றவர். கரிஞான் படைவீரராக 1665இல் வந்தார். 1668இல் மரி மஜோரை மணந்தார். 1663க்கும் 1673க்கும் இடையில் அரசன் செலவில் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்ட எண்ணூறுக்குக் கிட்டிய ‘அரசன் மகள்’களில் மரி மஜோரும் ஒருவர். அவர்களுக்கு ஒரே மகன். அந்துவான் 1684இல் லாஷீனில் வேறொருவரின் மனைவியோடு இருந்தபோது அவள் கணவனால் கொல்லப்பட்டார் என்பதை நீதிமன்ற ஏடுகள் சொல்கின்றன. வம்ச மரம் வரைந்து சட்டமிட்டு மாட்டுகிற வீடுகளில் இந்தச் செய்தியை எழுதுவதா வேண்டாமா என்று சிறிய வாக்குவாதம் நடப்பதுண்டு. எழுத வேண்டும் என்பதே என் கட்சி.

ருவா என்ற பெயர் தாங்கியவர்கள் எல்லாரும் அந்துவானின் வழிவந்தவர்கள் அல்லர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ருவாக்கள் பிரான்சிலிருந்து வந்தார்கள். அவர்களைப் பிரித்தறிய உதவுவதே இரண்டாவது பெயர்தான். இதற்கு நேர் எதிரானது ட்ராம்ப்ளே. கியூபெக்கில் மிக அதிகமானோர் தாங்கும் இந்தப் பெயருக்கு மூலவர் ஒருவரே: பிரான்சின் பெர்ஷ் பகுதியிலுள்ள ரான்டொனே ஊரைச் சேர்ந்த பியேர் ட்ராம்ப்ளே, 1657இல் கியூபெக்கில் ஓசான் அஷோனை மணந்தவர். ட்ராம்ப்ளே கிளை உங்கள் மரத்தில் வந்தால் போய்ச் சேரும் இடம் முன்கூட்டியே தெரியும். ருவா வந்தால் நான் ஒரு குளிர்காலம் முழுவதையும் தவறான ருவாவின் பின்னால் செலவழித்ததை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு தலைமுறையிலும் பதிவில் உள்ளபடியே இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். உடன்பிறந்தவர்களின் திருமணங்களையும் பாருங்கள். அண்ணன் ருவாவாகவும் தம்பி டெஜார்டானாகவும் மணம் முடித்திருப்பார்கள். எந்தப் பெயரோடு எந்தப் பெயர் சேரும் என்பதை அறிய, அருட்தந்தை சிப்ரியான் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்ச அகராதியின் கடைசித் தொகுதியில் நீண்ட பட்டியல் இருக்கிறது. அகராதியின் மற்றப் பகுதிகளில் பிழைகள் உண்டு. 1983இல் வெளிவந்த ரெனே ஜெட்டேயின் அகராதி அவற்றில் பலவற்றைத் திருத்தியது. எழுத்துக்கூட்டலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ‘ஓ’ என்று முடியும் ஒரு பெயரைப் பங்குத்தந்தைமார் நான்கைந்து விதமாக எழுதுவார்கள். ஓசை ஒன்றானால் குடும்பமும் ஒன்றாக இருக்கக்கூடும். குயோன் என்ற பெயர் தேய்ந்து டியோன் ஆனது. பாடகி செலின் டியோனின் மூலவர் 1634இல் பெர்ஷிலிருந்து வந்த கொத்தனார் ஜான் குயோன்.

இரத்த உறவுத் தளர்வு

மாமன் மகளை மணப்பது முறை என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அதே உறவுக்கு ஆயரின் அனுமதி கேட்டுக் காத்திருந்த மக்கள் வியப்பளிக்கிறார்கள். திருமணப் பதிவில் ‘மூன்றாம் படி உறவுத் தளர்வு பெற்று’ என்றிருந்தால் மணமக்களின் பூட்டன் பூட்டி ஒருவரே. நான்காம் படி என்றால் ஓட்டன் ஓட்டி ஒருவர். இது தேடுபவருக்குத் தானாக வந்து வாய்த்த துப்பு. இரு பக்க மரங்களையும் அந்தப் படிவரை வரைந்த பிறகும் பொதுவான தம்பதி தென்படவில்லையென்றால், எங்கோ தவறான ஆளைச் சேர்த்திருக்கிறீர்கள்.

சிறு தொகையினரிடமிருந்து பெருகிய மக்கள் ஆதலால் ஒரே மூதாதையர் மரத்தில் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருவார்கள். சகாரி குளூத்தியே என்ற தச்சருக்கு 1800க்கு முன் மணம் முடித்த சந்ததியினர் மட்டும் 10,850 பேர் என்று மொன்றியல் ஆய்வுத் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. மரபணுச் சோதனை ‘இவர் உமக்கு மூன்றாம் தலைமுறைச் சகோதரர்’ என்று சொன்னால், பல தொலைதூர உறவுகள் ஒன்றுகூடி அந்த அளவைக் காட்டுகின்றன என்று கொள்வதே பெரும்பாலும் சரி.

இவ்வளவு பேரையும் ஒழுங்காக வைக்க எளிய எண்முறை ஒன்று உண்டு. தொடங்குபவர் 1, தந்தை 2, தாய் 3, யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவரது தந்தை, அதனோடு ஒன்று கூட்டினால் தாய். இரட்டைப்படை எல்லாம் ஆண், ஒற்றைப்படை எல்லாம் பெண், 1 மட்டும் விதிவிலக்கு. ஒரே ஆளுக்கு நான்கு எண்கள் விழுந்தால் மகிழ்ச்சியோடு நான்கையும் எழுதிவையுங்கள்.

நொத்தாரிசு ஏடுகள்

பங்குப் பதிவு எலும்புக்கூடு. நொத்தாரிசின் ஏடுகளில்தான் சதை இருக்கிறது. 1664 முதல் குடியேற்றத்தில் பாரிஸ் வழமைச் சட்டமே செல்லுபடியானது; யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை இருந்தது போல. கணவன் மனைவி இருவருக்கும் சொத்துப் பொதுவாக இருந்ததால், ஒருவர் இறந்தவுடன் வீட்டிலுள்ள பானை, கோடரி, பசு, கடன் எல்லாவற்றையும் நொத்தாரிசு பட்டியலிட்டார். சொத்தில் உரிமையுள்ள பிள்ளைகளையும் மருமக்களையும் பெயர் சொல்லிக் குறித்தார். திருமணப் பதிவு தொலைந்த இடத்தில் இந்தப் பட்டியல் ஒரு தலைமுறையையே மீட்டுத் தரும். திருமணத்துக்குச் சில நாள் முன்பு எழுதிய திருமண ஒப்பந்தமும் அவ்வாறே. சில வேளைகளில் ஒப்பந்தம் எழுதியும் திருமணம் நடக்காமல் போனதுண்டு என்பதால், அதை மட்டும் நம்பி மணமாகிவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

கனடாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய திருமண ஒப்பந்தம் 1636 ஜூலை மாதத்தது. சகாரி குளூத்தியேயின் மகள் ஆனுக்கும் ரொபேர் ட்ருவானுக்கும் எழுதப்பட்டது. அங்கே நொத்தாரிசு இல்லாததால் கொத்தனார் ஜான் குயோன் எழுதினார். பெண்ணுக்கு வயது ஏறக்குறையப் பத்து. திருமணம் மறு ஆண்டில்தான் நடந்தது. எழுதப்படிக்கத் தெரியாத சகாரி குளூத்தியே தன் ஆவணங்களில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடரி வரைந்தார். அந்தக் கோடரிச் சித்திரத்தைப் பார்க்கும்போது, மரத்தின் எண்ணாக இருந்தவர் திடீரென்று கையும் தொழிலும் உள்ள மனிதராகிவிடுகிறார்.

கடல் கடந்து

கடைசிப் படி பிரான்ஸ். குடியேறியவரின் கியூபெக் திருமணப் பதிவு, அவர் பிறந்த பங்கையும் மறைமாவட்டத்தையும் பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் தளத்துக்குப் போனால், பழைய பங்குப் பதிவேடுகளின் படங்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். பெர்ஷ் பகுதிக்காரர்களுக்கு ஓர்ன் மாவட்டம்தான் முதல் இடம். குடியேறியவர்களின் பிரான்சுப் பதிவுகளைக் கண்டெடுத்துத் தொகுத்த ‘பிஷியே ஒரிஜின்’ என்ற இலவசத் தரவுத்தளத்தை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். உங்கள் வேலையை வேறொருவர் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கக்கூடும்.

அங்கேயிருந்து மேலும் ஒன்றிரண்டு தலைமுறைகள் ஏறலாம். பிறகு ஏடுகள் மெலியும். பெண்களின் பெயர் மறையும். ஒரு ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் பெயர் மட்டும் நிற்கும். ட்ராம்ப்ளே கிளையானால், பியேரின் பெற்றோர் பிலிபேரும் ஜான் குவாஞேயும் என்று எழுதி, அவர்களுக்கு மேலே இருக்கும் கட்டங்களை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.